இறந்தவள் பேசுகிறாள்!

பள்ளி விட்டு வீடு திரும்புகிறான் ஒரு மாணவன். வாயிற்படியில் ஒரு பெட்டி. அனுப்பியவர் பெயர் இல்லை. அவிழ்த்துப் பார்க்கிறான், உள்ளே ஏழு ஒலிநாடாக்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நீல நகப்பூச்சால் தீட்டிய எண்கள் — ஒன்று முதல் பதின்மூன்று வரை. கடைசி நாடாவின் பின்புறத்தில் மட்டும் எண் இல்லை. நாடாவைச் சுழலவிடுகிறான். குரல் எழுகிறது. யார் குரல்? இரண்டு கிழமைக்கு முன்பு தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பள்ளித் தோழியின் குரல்! தன் முடிவுக்குக் காரணமானவர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சொல்லப் போவதாகவும், இந்தப் பெட்டி எவர் கைக்கு வந்ததோ அவரும் அந்தப் பட்டியலில் உண்டு என்றும் அறிவிக்கிறது அக்குரல்.

இறந்தவள் பேசுகிறாள்!

அமெரிக்க எழுத்தாளர் ஜே ஆஷர் 2007-இல் வெளியிட்ட ‘தெர்ட்டீன் ரீசன்ஸ் வொய்’ — ஏன் என்பதற்குப் பதின்மூன்று காரணங்கள் — என்னும் புதினத்தின் தொடக்கம் இது. அந்நாட்டில் இளையோர் புதினம் என்றொரு தனித்துறை தழைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளை மனத்தில் கொண்டு எழுதப்படுபவை அவை. பள்ளியும் நட்பும் காதலும் அவமானமும் அவற்றின் பொருள். அத்துறையில் இந்த நூற்றாண்டில் ஒரு கிளை வேகமாக வளர்ந்திருக்கிறது. நண்பனையோ தோழியையோ தன்னுயிர் மாய்ப்பில் பறிகொடுத்துவிட்டு, எஞ்சி நிற்கும் பிள்ளையின் கதை சொல்லும் கிளை.

இதை இந்த ஏட்டில் எழுத வேண்டிய தேவை என்ன என்று தோழர்கள் கேட்கலாம். நாம் பாடம் சொல்லும் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, சென்ற திங்கள், மாலை மணி அடித்த பிறகு நம்மிடம் வந்து நின்றாள். கைப்பேசியில் தொடராகப் பார்த்த கதையாம். அதன் நூல் கிடைக்குமா என்றாள். எதற்கு என்றோம். “சும்மாதான், ஐயா” என்றாள். கொடுப்பதா, மறுப்பதா? நூலைப் பூட்டி வைப்பது நமக்குக் கைவராத கலை. தடுக்கப்பட்ட ஏடுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்து வளர்ந்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். எனவே, கொடுப்பதற்கு முன் நாமே படித்தோம். அது போதவில்லை. அவ்வழியில் வந்த வேறு மூன்று புதினங்களையும் தேடிப் படித்தோம். படித்ததன் பயன் இக்கட்டுரை.

ஆஷரின் நூலில் முதலில் நல்லதைச் சொல்வோம், அது கொஞ்சமன்று. ஹன்னா பேக்கர் என்ற பெண்ணின் பெயரை ஓர் ஊரே சேர்ந்து எப்படிக் கெடுக்கிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டும் திறம் பாராட்டத்தக்கது. ஒருவனோடு ஒரு முத்தம். அவன் அதைப் பெருக்கிச் சொல்கிறான். அது வதந்தியாகிறது. வேறொருவன் பெண்களின் உடலுறுப்புகளுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் எழுதுகிறான். அதில் அவள் பெயர். பட்டியலைப் படித்தவன் அவள் உடலைத் தொடத் தனக்கு உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறான். கற்பு என்ற பெயரால் பெண்ணுக்கு மட்டும் போடப்பட்ட தளையைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்காகப் பேசுகிறோமே, அந்தத் தளை ஆங்கிலம் பேசும் ஊரிலும் இருக்கிறது, அதே இரும்பில் அடித்தது, என்று தெரிகிறது.

இன்னொரு இடம். வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு காகிதப் பை தொங்குகிறது. மற்றவர்கள் பாராட்டி எழுதும் துண்டுச் சீட்டுகளைப் போடுவதற்காக. ஹன்னாவின் பையில் விழும் சீட்டுகளை ஒருவன் திருடிக்கொண்டே இருக்கிறான். பாராட்டு ஒன்றும் வராத பெண்ணாக அவள் நாள்தோறும் வெறும் பையைப் பார்க்கிறாள். பிறகு, வகுப்பில் விவாதிக்க வேண்டிய பொருளாகத் தன்னுயிர் மாய்ப்பைப் பெயரிடாமல் எழுதிப் போடுகிறாள். வகுப்பு விவாதிக்கிறது. எழுதியவர் பெயரை மறைத்திருப்பதால், இது பிறர் கவனத்தை இழுக்கும் தந்திரமாகத்தான் இருக்கும் என்று ஒரு குரல் சொல்லிவிடுகிறது. அவளோ அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றிரவு உறங்க மாட்டார். நாம் உறங்கவில்லை.

இவ்வளவு தெரிந்த எழுத்தாளர் எங்கே தவறினார்?

பேய் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். வேப்பமரத்துப் பேய் பேசும், குறி சொல்லும், பழி தீர்க்கும், பலி கேட்கும் என்பது பாட்டி கதை. ஆஷரின் ஹன்னாவும் இவை அனைத்தையும் செய்கிறாள். தான் இல்லாத ஊரில் யார் எங்கே நடக்க வேண்டும் என்று வரைபடம் கொடுத்து ஆணையிடுகிறாள். பெட்டியை அடுத்தவருக்கு அனுப்பாவிட்டால் நாடாக்களின் மறுபடி ஊரறிய வெளிவரும் என்று அச்சுறுத்துகிறாள். அவர்கள் அஞ்சுவார்கள், அழுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்தவள்போல் நடுநடுவே நகைக்கவும் செய்கிறாள். மரத்திலிருந்து ஒலிநாடாவுக்குக் குடி மாறிய பேய்! மருண்ட மனம் கொண்ட பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட மயக்கம் தரும் பொய் வேறொன்று இல்லை. ‘நான் போன பிறகு தெரியும் என் அருமை’ என்று சினந்து படுத்துக்கொள்ளாத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? தன் சாவு வீட்டைத் தானே எட்டி நின்று பார்க்கலாம், யார் யார் அழுகிறார்கள் என்று எண்ணலாம் என்னும் அந்தக் கனவுக்கு ஆஷர் ஏழு நாடாக்களைக் கொடுத்துக் கதையாக்கிவிட்டார். மாண்டவர் எதையும் பார்ப்பதில்லை. வென்றோம் என்று மகிழ்வதில்லை. மன்னிப்புக் கேட்டு வருவோரை ஏற்பதுமில்லை. பகுத்தறிவு சொல்லும் மிக எளிய செய்தி இது. மிகக் கடுமையான செய்தியும் இதுதான். அதை மறைக்கும் புதினம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டாலும், ஒரு மூடநம்பிக்கைக்குப் புதுச்சட்டை தைத்துக் கொடுக்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவன் கிளே ஜென்சன் பெரிய குற்றம் செய்தானா? இல்லை. அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கத் தகாது என்று ஹன்னாவே சொல்கிறாள். பிறகு ஏன் அவனுக்கும் பெட்டி? கதைக்குத் தேவை, அவ்வளவுதான். குற்றமற்றவனை இரவெல்லாம் ஊர் முழுதும் நடக்கவைத்து, ‘நான் அன்று ஒரு சொல் கூடுதலாகப் பேசியிருந்தால்?’ என்று உள்ளம் உடையவைக்கிறார் ஆசிரியர். இந்தக் கேள்வியின் எடை என்ன என்பது அவருக்குத் தெரியுமா என்று நாம் ஐயுறுகிறோம். நமக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் நமக்கு அடுத்த அறைத் தோழன் ஒரு விடுமுறைக்கு ஊருக்குச் சென்றான், திரும்பி வரவில்லை. செய்திதான் வந்தது. அவன் நம்மிடம் கடைசியாகக் கேட்டது ஒரு பாடக்குறிப்பேடு. ‘நாளை தருகிறேன்’ என்றோம். அந்த ‘நாளை’யைப் பிடித்துக்கொண்டு நாம் ஓராண்டு அலைந்தோம். அவனுடைய பழைய மடல்களைப் புரட்டினோம். ஒரு வரி கிடைக்காதா, ஒரு பெயர் கிடைக்காதா என்று. யார்மீதாவது சினங்கொள்ளத் துடித்தோம். ஒருவரும் கிடைக்காதபோது நம்மீதே கொண்டோம். அப்போது எவராவது ஒரு பெட்டி நிறைய நாடாக்களை நம் வாசலில் வைத்திருந்தால் நாம் என்ன ஆகியிருப்போமோ, எண்ணவே நடுங்குகிறது.

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் கொள்கை. ஆனால் காரணம் வேறு, குற்றவாளி வேறு. ஆஷரின் நூல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது. ஒரு பிள்ளை தன் உயிரை வேண்டாம் என்று வீசும் நிலைக்கு வருவதில் மனநோய் உண்டு, மானக்கேடு உண்டு, வீடு உண்டு, பள்ளி உண்டு, அந்த நேரத்தில் அருகில் ஆளில்லாமற்போன தற்செயலும் உண்டு. பல நூல் சேர்ந்து முறுக்கிய கயிறு. அதில் ஒரு நூலை உருவி, ‘இதோ, இவன்தான்!’ என்று காட்டுவது ஆராய்ச்சியாகாது. பில்லி சூனியம் வைத்தது யார் என்று கோடாங்கியிடம் போய்க் கேட்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஹன்னாவின் பதின்மூன்று பக்கங்களில் ‘நோய்’ என்ற சொல்லுக்கு இடமே கிடைக்கவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கடைசியில் பள்ளி ஆலோசகரிடம் போகிறாள், அவர் தடுமாறுகிறார், எழுந்து வெளியேறியவளை அவர் பின்தொடரவில்லை. உதவி கேட்டுப் பயனில்லை என்ற பாடத்தை இந்நூல் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வாசிக்கும் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளும்.

இனி நினா லக்கூர் 2009-இல் எழுதிய ‘ஹோல்ட் ஸ்டில்’ — அசையாதிரு. படம் பிடிப்பவர் சொல்லும் சொல். கெய்ட்லின், இங்ரிட் என்னும் இரு தோழியர். இருவருக்கும் ஒளிப்படக் கலையில் ஈடுபாடு. இங்ரிட் போய்விடுகிறாள். பின்னர்க் கெய்ட்லின் தன் கட்டிலுக்கு அடியில் தோழியின் நாட்குறிப்பைக் காண்கிறாள். இங்கும் இறந்தவளின் எழுத்துதான். ஆயினும் எவ்வளவு வேறுபாடு! அந்த நாட்குறிப்பு யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஓவியங்களும் தாய்க்கும் பிறருக்கும் எழுதி அனுப்பாத மடல்களுமாக, ஒரு பெண்ணின் உள்ளம் எப்படி இருண்டுகொண்டே போயிற்று என்று காட்டுகிறது. கெய்ட்லின் அதை ஒரே மூச்சில் படித்துவிடவில்லை. சிறிது சிறிதாகப் படிக்கிறாள், தீர்ந்துவிடுமே என்று அஞ்சுகிறவள்போல. துயரத்தை அறிந்த கை எழுதிய இடம் அது.

ஒளிப்பட ஆசிரியை கெய்ட்லினை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ‘என்மீது வெறுப்பா? இங்ரிட்தான் அவருக்கு வேண்டியவளா?’ என்று பொங்கும் பெண், வேண்டுமென்றே மட்டமான படங்களை எடுத்துக்கொண்டுபோய் நீட்டுகிறாள். ஆசிரியையும் தன் மாணவியை இழந்தவர், தன் துயரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எஞ்சி நிற்பவளின் முகத்தைப் பார்க்க அஞ்சியவர் என்பது பிறகு தெரியவருகிறது. பள்ளி என்றால் மாணவர்தான் கலங்குவர், ஆசிரியர் கல்லாக நிற்பர் என்று நினைப்போருக்கு இந்தப் பகுதியைப் பரிந்துரைக்கிறோம். பிறகு கெய்ட்லின் செய்வது என்ன? பலகைகளை அடுக்கி, ஆணி அடித்து, மரத்தின்மேல் ஒரு வீடு கட்டுகிறாள். புதிதாக வந்த டிலன் என்பவளோடு பழகத் தொடங்குகிறாள். பழகுவதே இறந்தவளுக்குச் செய்யும் இரண்டகமோ என்று கூசுகிறாள். பின்பு கூச்சம் கரைகிறது. பருவங்கள் மாறுகின்றன. ‘அழாதே, காலம் ஆற்றும்’ என்ற உபதேசம் ஓரிடத்திலும் இல்லை. சுத்தியலும் ஆணியும் இருக்கின்றன.

இந்நூலிலும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. காரணங்களைத் தேடிக்கொண்டிருக்காதே என்ற பொருள்படத் தோழிக்கு எழுதிவைக்கிறாள் இங்ரிட். தோழியின் தோளிலிருந்து பாரத்தை இறக்கிவைக்கும் அன்பு அது; ஏற்கிறோம். ஆயினும் காரணமே இல்லை என்று வாசகன் எடுத்துக்கொண்டால், அடுத்த படி ‘விதி’ என்பதுதான். இங்ரிட்டுக்கு இருந்தது நோய். நோய்க்கு மருத்துவம் உண்டு. எல்லார்க்கும் பலிக்காது, பலருக்குப் பலிக்கும். தோழியின் குற்றமில்லை என்பதையும், தடுக்க முடியாததுமில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனாலும் நான்கில் எதை முதலில் வைப்பீர் என்று கேட்டால், தயக்கமின்றி இதையே வைப்போம்.

ஜெனிஃபர் நிவன் எழுதிய ‘ஆல் தி பிரைட் பிளேசஸ்’ 2015-இல் வந்தது. 2020-இல் படமாகவும் வந்தது. இண்டியானா மாநிலத்துப் பள்ளி மணிக்கூண்டின் விளிம்பில் ஃபின்ச் என்னும் இளைஞனும் வயலட் என்னும் பெண்ணும் சந்திக்கிறார்கள். விபத்தில் அக்காளை இழந்து ஒடுங்கிப்போனவளை அவன் மீட்கிறான். அவனை மீட்க எவராலும் இயலவில்லை. ஃபின்ச்சை ஆசிரியர் அளவுக்கு மீறி அழகுபடுத்திவிட்டார் என்பது நம் குறை. பேச்சில் சுடர், செயலில் கவிதை, காதலியைக் கரையேற்றிவிட்டுத் தான் மூழ்கும் தியாகம் — நோயாளியைக் காவிய நாயகனாக்கும் பழைய பழக்கம்! ஆனால் அந்நூலில் ஓர் இடம் உண்டு; அதற்காக மற்றவற்றைப் பொறுக்கலாம். அவனுடைய அடக்கத்தின்போது பாதிரியார் நடந்தது என்ன என்று சொல்வதில்லை. குடும்பத்தார் விபத்து என்கிறார்கள். ஊர் தலையாட்டுகிறது. வயலட் ஒருத்திக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அந்த மௌனத்தை யார் கற்றுக்கொடுத்தார்? மதம் கற்றுக்கொடுத்தது. இங்கிலாந்தில் இத்தகையோரை இடுகாட்டுக்குள் விடாமல் நாற்சந்தியில் புதைத்துவந்தார்கள். 1823-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். முயன்று பிழைத்தவனைக் குற்றவாளி என்பது 1961 வரை அங்கே சட்டமாக நீடித்தது. அவர்கள் நமக்குச் சீதனமாகத் தந்த 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அவர்களையும் மிஞ்சி வாழ்ந்தது. 2017-இல் வந்த மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள, வாயில் நுழையாத வடமொழிப் பெயர் தாங்கிய புதிய தொகுப்பில் அப்பிரிவு இல்லை; அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கோடு முயல்வதை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறார்கள். சட்டம் இறங்கி வந்துவிட்டது. ‘கோழை’ என்றும் ‘பாவி’ என்றும் தூற்றும் நாக்கு இறங்கி வரவில்லை. தூற்றும் நாக்குக்கு அஞ்சித்தான் வீட்டார் விபத்து என்கிறார்கள். அவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். நிவன் தம் நூலின் இறுதியில் உதவிக்கு அணுக வேண்டிய இடங்களையும் அச்சிட்டிருக்கிறார். கதையாசிரியருக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தார் நம் நண்பர் ஒருவர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ இருப்பதும், 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்று எண் இருப்பதும் நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தோம். கை ஒன்றும் உயரவில்லை.

ஜான் கிரீனின் ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’ (2005) இந்த நான்கில் மூத்தது. பெரும் பரிசும் பெற்றது. இரவில் குடித்திருந்த நிலையில், கலக்கத்தோடு காரை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அலாஸ்கா என்னும் பெண்ணைத் தடுக்காமல், விடுதித் தலைவரின் கண்ணைத் திசைதிருப்பி வழியனுப்பிவிடுகிறார்கள் அவளுடைய நண்பர்கள். அவள் திரும்பவில்லை. விபத்தா, அவளே தேடிக்கொண்டதா? துப்பறிகிறார்கள், தெரியவில்லை, தெரியாமலே கதை முடிகிறது. அந்தத் தெரியாமையை ஆசிரியர் கடைசிவரை கைவிடாதது நேர்மை. ஆனால் முடிவில், கதை சொல்லும் மாணவன் சமயப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறான். ஆற்றல் ஆக்கப்படுவதில்லை, அழிவதுமில்லை என்ற அறிவியல் விதியைத் துணைக்கு அழைத்து, அலாஸ்காவில் அழியாத ஏதோ ஒன்று எங்கோ இருக்கிறது, அது தன்னை மன்னிக்கும் என்று தேறிக்கொள்கிறான். அந்தோ, அறிவியலே! உடலின் வெப்பம் காற்றில் கலக்கிறது, அணுக்கள் மண்ணில் கலக்கின்றன, உண்மைதான். மன்னிக்கும் திறன் வெப்பத்துக்கு இல்லையே! இயற்பியல் நூலைப் புரட்டி ஆன்மாவைக் கண்டெடுக்கும் வித்தை நம் ஊர்ப் பண்டிதர்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தோம். அலபாமாவிலும் கிளை வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மன்னிப்பு வேண்டும். கொடுக்க வேண்டியவள் இல்லை. இருக்கும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். கதையில் அதற்கான இடம் இருந்தது. ஆசிரியர் வானத்தைப் பார்த்துவிட்டார்.

நூல் படித்து எவரேனும் சாவாரா என்று கேட்போர் உண்டு. கேள்வி புதிதன்று. 1774-இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே, காதல் நிறைவேறாமல் உயிர்விடும் வெர்தர் என்னும் இளைஞனின் கதையை வெளியிட்டார். இளைஞர்கள் அவனைப்போல் நீலச்சட்டை அணிந்தார்கள். சிலர் அவன் வழியே போனதாகப் பேச்சு எழுந்தது. லைப்சிக் நகரில் நூலையும் உடையையும் தடைசெய்தார்கள். என்னைப் பின்பற்றாதே என்று வெர்தரே வாசகனுக்குச் சொல்வதுபோல் அடுத்த ஆண்டுப் பதிப்பில் அடிகளைச் சேர்த்தார் கெதே. அமெரிக்கச் சமூகவியலார் டேவிட் பிலிப்ஸ் 1974-இல் செய்தித்தாள்களை ஆராய்ந்து, இத்தகைய சாவுகளை முதற்பக்கத்தில் முழக்கியபின் அவை பெருகுவதைக் காட்டி, அதற்கு வெர்தரின் பெயரையே சூட்டினார். ஆஷரின் கதை 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தபோது அவள் முடிவை மறைக்காமல் காட்டினார்கள். உலகெங்கும் மருத்துவர்கள் கண்டித்தபின், 2019 சூலையில்தான் அக்காட்சியை நீக்கினார்கள். தொடர் வந்த அடுத்த திங்களில் அந்நாட்டில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரிடையே இத்தகைய சாவுகள் 28.9 விழுக்காடு மிகுந்தன என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே எண்களை வேறு முறையில் கணக்கிட்ட மற்றோர் ஆய்வாளர், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2020-இல் எழுதினார். நமக்கு வசதியான எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது பகுத்தறிவாகாது. ஆகவே இரண்டையும் சொன்னோம். ஐயம் இருக்கும்போது எச்சரிக்கை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது வேறு கேள்வி.

மறுபக்கமும் உண்டு. மொசார்ட் 1791-இல் அமைத்த ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசைநாடகத்தில் பாப்பகேனோ என்றொரு பறவை பிடிப்போன். காதலியை இழந்தோம் என்று எண்ணி உயிரைவிடப் போகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, உன்னிடம் மணிகள் இருக்கின்றனவே, அவற்றை ஒலித்துப்பார் என்கிறார்கள். ஒலிக்கிறான், அவள் வருகிறாள். வழிதவறும் வேளையில் மாற்றுவழியைக் காட்டும் எழுத்து உயிர்களைக் காக்கக்கூடும் என்று ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் எழுதியபோது, அவ்விளைவுக்கு இந்தப் பறவை பிடிப்போனின் பெயரை வைத்தார்கள். வியன்னாவில் 1987-இல் செய்தியாளர்களுக்கு நெறிமுறை வகுத்தபின், அந்நகரின் சுரங்கத் தொடர்வண்டி நிலையங்களில் நிகழ்ந்துவந்த இத்தகைய சாவுகள் வெகுவாகக் குறைந்தன. எழுதும் முறையை மாற்றினார்கள், அவ்வளவே செய்தார்கள்.

இந்த இடத்தில் நம் மேடையையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. தோழர்களுக்குக் கசக்கும், கசந்தாலும் சொல்வோம். 2017 முதல் நீட் தேர்வை ஒட்டித் தமிழ்நாட்டில் மாணவர்கள் பலரை இழந்திருக்கிறோம். அந்தத் தேர்வு அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. எதிர்ப்பதில் தளர்ச்சியும் இல்லை. ஆனால் மாண்ட பிள்ளையின் படத்தை ஆளுயரத்துக்கு வரைந்து, ‘உன் சாவு பேசும், உன் சாவு வெல்லும்’ என்று நாம் முழங்கும்போது, கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன காதில் விழுகிறது? வாழும்போது எவரும் திரும்பிப் பார்க்காத தன்னை, இறந்தால் ஊரே பார்க்கும் என்று விழாதா? ஆஷரின் பெட்டிக்கும் நம் பதாகைக்கும் என்ன தொலைவு? கவிதை எழுதும் நம் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். அநீதியை எதிர்க்க உயிருள்ளவர் குரல் போதும். நம் இயக்கத்தில் அதற்குப் பஞ்சம் வந்ததில்லை.

ஆஷருக்கும் ஒரு நீதி செய்ய வேண்டும். நாடாக்கள் முடிந்த மறுநாள் கிளே பள்ளிக்குப் போகிறான். நடைவழியில் ஸ்கை என்ற பெண் எதிர்ப்படுகிறாள். சில ஆண்டுகளாக எவரோடும் பேசாமல் ஒதுங்கிப்போனவள். கடந்து போகிறாள். கிளே நிற்கிறான், திரும்புகிறான், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அங்கே நூல் முடிகிறது. பதின்மூன்று பக்கங்கள் இறந்தவளைப் பேசவிட்ட ஆசிரியர், கடைசி ஒரு சொல்லை உயிரோடிருப்பவனுக்குக் கொடுத்தார். நூலில் நம்மைத் தொட்ட இடங்களில் இதற்குத்தான் முதலிடம்.

மாணவிக்கு நாம் நூலைக் கொடுத்தோம். கூடவே லக்கூரின் நூலையும் கொடுத்து, இரண்டையும் படித்தபின் எதுவானாலும் வந்து பேசு என்றோம். ஒரு கிழமை கழித்து வந்தாள். நூல்களைப் பற்றிப் பேசவில்லை. கடைசி வரிசையில் சன்னலோரம் உட்காரும் ஒருத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்; சில நாளாகவே அவள் உண்பதில்லையாம், தன் பேனாக்களையும் வளையல்களையும் எல்லார்க்கும் கொடுத்துவருகிறாளாம். பேசி முடிக்கும்போது மணி ஐந்தரை. பேருந்து போய்விட்டிருந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, நாமும் அவளும் அந்தச் சன்னலோரத்துப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தோம்.